கறுப்பு பிளாஸ்டிக்கை கேமரா வைத்துப் பிரிப்பது எப்படி?

ராணிப்பேட்டைப் பக்கம் பழைய பிளாஸ்டிக்கை உருக்கிக் குருணையாக்கும் எங்கள் பட்டறைக்குக் காயலான் கடைகளிலிருந்து வரும் மூட்டைகளில் டிவி பின்மூடி, கீபோர்டு, கார் பம்பர் என்று கறுப்புதான் அதிகம். வழக்கமான பிரிப்பு கேமரா 900 முதல் 1700 நானோமீட்டர் வரை பார்க்கும். கறுப்புக்காகச் சேர்த்த கார்பன் தூள் அந்த ஒளியை அப்படியே விழுங்கிவிடுவதால் ஏபிஎஸ், ஹெச்ஐபிஎஸ் (ஹை இம்பாக்ட் பாலிஸ்டைரீன்), பிபி (பாலிப்ரொப்பிலீன்) என்ற பிளாஸ்டிக் வகைகள் எல்லாம் ஒரே இருட்டாகத் தெரியும். இதற்கு 2.7 முதல் 5.3 மைக்ரான் வரை பார்க்கும் மிட்-ஐஆர் (நடு அகச்சிவப்பு) கேமரா வேண்டும்.

கேமராவுக்கு முன்னால், எடையை வைத்துப் பிரிக்கத் தொட்டி. அரைத்துக் கழுவிய சில்லுகளைத் தண்ணீரில் போட்டால் பிபியும் பிஇயும் (பாலிஎத்திலீன்) மிதக்கும். மூழ்கியதை எடுத்து உப்புக் கரைசலில் போடுங்கள். லிட்டருக்குச் சுமார் 160 கிராம் உப்பு போட்டால் அடர்த்தி 1.10 வரும். கண்மதிப்பு வேண்டாம், அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் வாங்கிவிடுங்கள். புரோமின் கலந்த தீத்தடுப்பு பிளாஸ்டிக் பெரும்பாலும் அடியில் தங்கும். அதைத் தனியே வையுங்கள். கொளுத்தி முகர்ந்து பார்க்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள், அந்தப் புகை விஷம்.

உப்புக் கரைசலின் மேலே மிதப்பதில் ஏபிஎஸ், ஹெச்ஐபிஎஸ், டால்க் என்ற கல்தூள் கலந்து கனமான பம்பர் பிபி மூன்றும் இருக்கும். கேமராவின் வேலை இங்கேதான்: ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் குறிப்பிட்ட அலைநீளங்களில் ஒளியை உறிஞ்சும், அதைத்தான் கோடு என்கிறோம். 3.3 மைக்ரானையொட்டி பென்சீன் வளையத்தின் கோடு இருந்தால் ஏபிஎஸ் அல்லது ஹெச்ஐபிஎஸ். அதோடு 4.47-இல் நைட்ரைல் (கார்பன்-நைட்ரஜன் பிணைப்பு) கோடும் இருந்தால் ஏபிஎஸ். 4.26 பக்கம் தெரியும் பள்ளம் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேமரா ஒளியை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல் தகட்டுக்கு வெள்ளை டெஃப்லான் தட்டு இந்த அலைநீளத்தில் சரிவராது. ஃபேப்ரிகேஷன் பட்டறையில் மணல் அடித்துச் சொரசொரப்பாக்கிய அலுமினியத் தகடு போதும். பளபளப்பான தகடு கண்ணாடி மாதிரி வேலை செய்யும், வேண்டாம்.

இனி நான் மாட்டிக்கொண்ட இடம். காலையில் சுத்தமாகப் பிரித்த கேமரா, மதியம் ஏபிஎஸ்ஸை ஹெச்ஐபிஎஸ் பெட்டியில் தள்ளியது. அந்தக் குருணையில் வார்த்த ஸ்விட்ச் பெட்டியை லேசாக அழுத்தினேன், ஓரம் பட்டென்று உடைந்து உள்ளே அடுக்கடுக்காக உரிந்தது. லென்ஸைத் துடைத்தோம், விளக்கை மாற்றினோம், மென்பொருளைத் திரும்பப் பழக்கினோம். மூன்று வாரம் போனது. கடைசியில், சில்லைக் கேமராவுக்கு அடியில் கொண்டுபோகும் பெல்ட்டில் ஒரு பிடி சில்லை அள்ளியபோது கை சுட்டது.

களத்தில் மே மாத வேலூர் வெயிலில் காய்ந்ததை அப்படியே கொட்டியிருந்தோம். கறுப்புச் சில்லு விளக்கொளியில் மிகச் சிறு பங்கைத்தான் திருப்பித் தரும். சூடாக இருந்தால் தானே அகச்சிவப்பை உமிழும், அதுவும் 4 மைக்ரானுக்கு மேல் அதிகமாக. நைட்ரைல் கோடு அந்த வெளிச்சத்தில் மூழ்கிவிடுகிறது. ஷட்டரை மூடி எடுக்கும் இருட்டு அளவு கேமராவின் சூட்டைக் கழிக்குமே தவிர, சில்லின் சூட்டைக் கழிக்காது.

அதனால் காயவைப்பது களத்தில், ஆறவைப்பது நிழலில். மெல்லிசாகப் பரப்பி, ஃபேன் போட்டு, ஷெட்டின் சூட்டுக்கு வந்த பிறகே பெல்ட். ஈரமும் கூடாது, 3 மைக்ரான் பக்கத்தைத் தண்ணீர் மறைத்துவிடும். அளவுகோல் தகட்டை மணிக்கொரு முறை காட்டுங்கள்.

கேமரா அடையாளம் கண்ட சில்லை ஊதித் தள்ளும் காற்றுக் குழாய்க்கு நேரக்கணக்கு எளிது. கேமராவிலிருந்து 30 செ.மீ. தூரம், பெல்ட் வேகம் நொடிக்கு 3 மீட்டர் என்றால் 100 மில்லி நொடி கழித்து ஊத வேண்டும்.

பின்சேர்க்கை: ஆம்பூரிலிருந்து ஒரு வாசகர், எல்லாம் சரியாகச் செய்தும் பம்பர் சில்லு மட்டும் தப்பாகப் போவதாக எழுதியிருந்தார். பெயின்ட்தான் காரணம். கேமரா மேல்தோலை மட்டுமே பார்க்கிறது. ஒரு சில்லைக் கத்தியால் சுரண்டி, சுரண்டிய பக்கத்தையும் சுரண்டாத பக்கத்தையும் காட்டிப் பாருங்கள். இரண்டும் வேறு வேறாக வந்தால் பெயின்ட் அடித்த துண்டுகளை அரைப்பதற்கு முன்பே கையால் பொறுக்கிவிடுங்கள்.