பாஸ்டன் நார்த் எண்டில் ஒரு நாள் சாப்பிடுவது எப்படி? முதல் முறை செல்வோருக்கான செய்முறை

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், இத்தாலிய உணவுக்குப் பெயர்பெற்ற நார்த் எண்ட் பகுதிக்கு முதல் முறை போனபோது, எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பெயர்ப்பலகை அழகாக இருந்த ஓர் உணவகத்தில் நுழைந்து, ரொட்டி, பொரித்த கணவாய், பாஸ்தா, அதன் மேல் ஒரு கோழித் தட்டு என்று வரிசையாக வரவழைத்துச் சாப்பிட்டு முடித்து, கடைசியில் இனிப்பும் காபியும் கேட்டேன். பரிமாறியவர், அவை இரண்டும் தங்களிடம் கிடையாது என்று சொல்லி, வாசல் பக்கம் கையைக் காட்டினார். அவர் என்னை வெளியே துரத்துகிறார் என்று அப்போது எனக்குச் சற்று வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு பலமுறை போய்ப் பழகியபோதுதான் அந்தத் தெருக்களின் ஒழுங்கு புரிந்தது. அங்குள்ள உணவகங்கள் பல மிகச் சிறியவை. ஒரு மேசையில் மூன்று மணி நேரம் உட்கார இடம் கொடுத்தால் அவற்றுக்குக் கட்டுப்படியாகாது. பக்கத்திலேயே தலைமுறை கண்ட இனிப்புக் கடைகளும் காபிக் கடைகளும் இருக்கும்போது, தாங்களும் அதைச் செய்ய வேண்டிய தேவையும் அவற்றுக்கு இல்லை.

ஆகவே இந்தச் செய்முறையின் அடிப்படை ஒன்றுதான்: நார்த் எண்டில் ஒரு வேளைச் சாப்பாட்டை ஒரே கடையில் முடிக்க வேண்டாம். மதியம் ஓரிடம், இரவு ஓரிடம், இனிப்புக்கு ஓரிடம், காபிக்கு ஓரிடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

படி 1: புறப்படுவதற்கு முன்

காரில் போகாதீர்கள். தெருக்கள் குறுகலானவை, தெருவோர நிறுத்துமிடங்களில் பெரும்பகுதி அங்கே குடியிருப்பவர்களுக்கு உரியவை. சுரங்க ரயிலின் பச்சைத் தடத்திலோ ஆரஞ்சுத் தடத்திலோ ஏறி ஹேமார்க்கெட் நிலையத்தில் இறங்கினால், நடக்கும் தூரம்தான். வெள்ளி, சனிக்கிழமைகளில் அந்த நிலையத்தை ஒட்டித் திறந்தவெளிக் காய்கறிச் சந்தை கூடும். ஆனால் கூட்டம் குறைவாக இருக்க வேண்டுமென்றால் செவ்வாய் அல்லது புதன்கிழமையைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

பையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வங்கி அட்டையை ஏற்காமல் பணத்தை மட்டுமே வாங்கும் வழக்கம் இங்கே பல பழைய கடைகளில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று, உள்ளே போய், பிறகு பணம் எடுக்கும் இயந்திரத்தைத் தேடி ஓடிய அனுபவம் எனக்கு உண்டு. திறக்கும் நேரத்தையும் விடுமுறை நாட்களையும் அன்று காலையே ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். குடும்பங்கள் நடத்தும் கடைகள் என்பதால் கோடையில் சில வாரங்கள் மூடப்படுவதும் உண்டு.

படி 2: தெருக்களை அறிந்துகொள்ளுதல்

ஹேமார்க்கெட்டிலிருந்து நார்த் எண்டுக்குப் போகும் வழியில் நீங்கள் கடக்கும் நீண்ட பூங்காவின் இடத்தில் ஒருகாலத்தில் ஓர் உயர்மட்ட நெடுஞ்சாலை நின்றது. 1950களில் கட்டப்பட்ட அந்தச் சாலை இப்பகுதியை நகரின் மையத்திலிருந்து சுவர்போலப் பிரித்துவைத்தது. பின்னர் அது நிலத்தடிக்கு மாற்றப்பட்டு, மேலே 2008இல் பூங்கா திறக்கப்பட்டது. பூங்காவைத் தாண்டியதும் இரண்டு தெருக்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அகலமானது ஹானோவர் தெரு. அதற்கு இணையாக ஓடும் ஒடுங்கியது சேலம் தெரு. பிரின்ஸ் தெருவும் பார்மென்டர் தெருவும் இவற்றுக்குக் குறுக்கே செல்கின்றன. இந்தச் சிறிய கட்டத்துக்குள்ளேயே நாம் சாப்பிடப்போகும் இடங்கள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் அயர்லாந்துக்காரர்களும், பிறகு கிழக்கு ஐரோப்பிய யூதர்களும் குடியிருந்த பகுதி இது. இத்தாலியர்களில் முதலில் வந்தவர்கள் ஜெனோவாப் பக்கத்தவர்கள். பெருந்திரளாகப் பின்னால் வந்தவர்களோ தெற்கிலிருந்து, அதாவது நேப்பிள்ஸைச் சுற்றிய கம்பானியா மாநிலத்திலிருந்தும் சிசிலியிலிருந்தும் வந்தவர்கள். இன்றைக்கும் இங்கே தக்காளி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், கணவாய், ரிக்கோட்டா என்னும் மென்மையான பாலாடைக்கட்டி ஆகியவற்றின் கை ஓங்கியிருப்பதற்கு அவர்களே காரணம்.

படி 3: மதிய உணவைச் சீக்கிரமாக முடித்தல்

பதினொரு மணிக்கெல்லாம் ஹானோவர் தெருவிலுள்ள கேலேரியா உம்பெர்ட்டோவின் வரிசையில் நின்றுவிடுங்கள். இது மதியத்துக்கு மட்டுமே நடக்கும் கடை, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. செய்துவைத்தது தீர்ந்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். இரண்டு மணிக்குப் போய் ஏமாந்து திரும்புகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 2018இல் ஜேம்ஸ் பியர்டு அறக்கட்டளை, அமெரிக்காவின் மரபார்ந்த உணவகங்களுக்கு வழங்கும் விருதை இந்தக் கடைக்கு அளித்தது. அதற்குப் பிறகும் கடையின் தோரணையில் ஒரு மாற்றமும் இல்லை: உணவுக்கூடம் போன்ற ஓர் அறை, ஒரு நீண்ட மேடை, கையில் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

இங்கே முதலில் கேட்க வேண்டியது சிசிலிய முறைச் சதுரப் பிஸ்ஸா. பெரிய இரும்புத் தட்டில் கனமாக வார்த்த மாவை அடுப்பிலிருந்து எடுத்து, மேடையில் வைத்தே சதுரமாக நறுக்குவார்கள். அடிப்பக்கம் எண்ணெயில் வறுபட்டு மொறுமொறுப்பாக இருக்கும். நடுப்பகுதி பஞ்சுபோல உப்பியிருக்கும். மேலே தக்காளியும் பாலாடைக்கட்டியும் தவிர வேறு ஒன்றும் இராது. ஓரத்துண்டு கிடைத்தால் விடாதீர்கள், விளிம்பில் கருகலாகச் சுருண்ட பாலாடைக்கட்டி அதில்தான் கிடைக்கும். கூடவே அரஞ்சினி என்னும் சோற்று உருண்டை உண்டு. பொரித்த மேலோட்டை உடைத்தால் ஆவி பறக்கும். ஆனால் அதனுள்ளே மாட்டிறைச்சி வைக்கப்படும் என்பதைச் சைவம் சாப்பிடுகிறவர்களும் மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் கவனத்தில் கொள்ள வேண்டும். அவர்களுக்கு உருளைக்கிழங்கில் செய்யும் பான்சரோட்டி இருக்கிறது. இரவு விருந்து பாக்கியிருப்பதால் இரண்டு பொருள்களோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

அன்று கடை மூடியிருந்தால் தாட்சர் தெருவிலுள்ள ரெஜினா பிஸ்ஸேரியாவுக்குப் போகலாம். 1926இல் தொடங்கிய கடை இது. இதே பெயரில் வெளியே பல கிளைகள் இருந்தாலும், செங்கல் அடுப்பில் வெந்த வட்டப் பிஸ்ஸாவுக்காக இந்த மூலக் கடைக்கு வருவதுதான் முறை என்பது என் கருத்து.

படி 4: செரிப்பதற்காக ஒரு நடை

மதியத்துக்கும் இரவுக்கும் இடையே குறைந்தது நான்கு மணி நேரம் விடுங்கள். நார்த் சதுக்கத்தில் பால் ரிவியர் வாழ்ந்த வீடு, ஏறக்குறைய 1680இல் கட்டப்பட்டது, இன்றும் நிற்கிறது. அமெரிக்க விடுதலைப் போரின் நாயகர் வாழ்ந்த அந்த வீட்டின் கீழ்த்தளத்தில், குடியேறிகளின் காலத்தில் சுருட்டுக் கூடமும் காய்கறிக் கடையும் நடந்திருக்கின்றன. கடற்கரைப் பக்கம் கமர்ஷியல் தெருவில், 1919 ஜனவரி 15 அன்று பிரம்மாண்டமான கரும்புப்பாகுத் தொட்டி ஒன்று வெடித்து, ஏறக்குறைய 23 லட்சம் காலன் பாகு தெருவில் பாய்ந்து 21 பேர் இறந்த இடமும் இருக்கிறது.

திரும்பும்போது சேலம் தெருவும் பார்மென்டர் தெருவும் சந்திக்கும் மூலையிலுள்ள போல்காரிஸ் காபி என்னும் கடைக்குள் நுழைந்து பாருங்கள். 1932இல் தொடங்கியது. காபிக்கொட்டை, மசாலாப் பொருள்கள், பருப்பு வகைகள் ஆகியவற்றை நிறுத்துக் கொடுப்பார்கள். நம் ஊர் நாட்டுமருந்துக் கடைக்குள் நுழைந்ததும் ஒரு மணம் வருமே, அதற்கு உறவான ஒரு மணம் இங்கே வரும். கோடையில் எலுமிச்சைப் பனிக்கூழை ஒரு சிறு காகிதக் கோப்பையில் வாங்கிக்கொண்டு மெதுவாக நடக்கலாம். ரிச்மண்ட் தெருவில் 1962 முதல் இருக்கும் சலுமெரியா இத்தாலியானா என்னும் இத்தாலிய மளிகைக் கடையில் ஆலிவ் எண்ணெயும் பாலாடைக்கட்டியும் வாங்கலாம்.

படி 5: இரவு உணவு

முன்பதிவு செய்யும் உணவகங்களும் உண்டு, வரிசையில் நிற்க வைக்கும் உணவகங்களும் உண்டு. ஐவருக்கு மேற்பட்ட குழுவாகச் சென்றால் முன்பதிவு இல்லாமல் போகவே வேண்டாம். இருவர் மட்டும் என்றால், மாலை ஐந்து மணி அளவில் ஹானோவர் தெருவிலுள்ள டெய்லி கேட்சுக்குச் செல்லுங்கள். 1973இல் தொடங்கிய இந்தக் கடையில் ஏறத்தாழ இருபது பேர்தான் உட்கார முடியும். சமையல் உங்கள் கண் முன்னாலேயே நடக்கும். கணவாயின் மையைச் சேர்த்துப் பிசைந்த கரிய பாஸ்தாவை, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து வதக்கி, வதக்கிய வாணலியோடே கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள், தட்டு கிடையாது. வாணலியின் விளிம்பில் கை பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் அடியில் தேங்கும் எண்ணெயை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட வேண்டும், அதை வீணாக்குவது பாவம். சேலம் தெருவிலுள்ள நெப்டியூன் ஆய்ஸ்டரில் சிங்கி இறாலை வெண்ணெயில் சூடாக்கி ரொட்டிக்குள் வைத்துத் தருவது புகழ்பெற்றது. அது இத்தாலியச் சமையலைவிட நியூ இங்கிலாந்துச் சமையலுக்கே நெருக்கமானது. அங்கும் காத்திருக்க வேண்டும்.

உணவுப் பட்டியலைப் படிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஆன்டிபாஸ்டோ என்பது முன்னுணவு. பிரிமோ என்பது பெரும்பாலும் பாஸ்தா. செகோண்டோ என்பது இறைச்சி அல்லது மீன். கோன்டோர்னோ என்பது பக்கத்தில் வரும் காய்கறி. இத்தாலியில் இவை சிறு சிறு அளவில் அடுத்தடுத்து வரும். அமெரிக்காவில் ஒரு பாஸ்தாத் தட்டே இருவருக்குப் போதும். ஆகையால் இருவருக்கு ஒரு முன்னுணவும் ஒரு பாஸ்தாவும் ஒரு மீன் வகையும் சொன்னால் தாராளம். தக்காளிச் சாற்றை இங்குள்ள வீடுகளில் ‘கிரேவி’ என்று சொல்வது வழக்கம். நம்மைப் போலவே குழம்பைச் சொல்ல அவர்களுக்கும் இந்தச் சொல்லே பயன்படுகிறது என்பது எனக்கு எப்போதும் ஒரு சிறு மகிழ்ச்சி. பொரித்த கோழியின் மேல் தக்காளிச் சாறும் பாலாடைக்கட்டியும் இட்ட சிக்கன் பார்மிஜானா என்னும் தட்டு இத்தாலியில் இல்லையே என்று யாராவது குறைசொன்னால் பொருட்படுத்தாதீர்கள். தெற்கு இத்தாலியில் கத்தரிக்காயில் செய்ததை, இறைச்சி வாங்கும் வசதி கிடைத்த குடியேறிகள் அமெரிக்காவில் கோழியில் செய்தார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது நெத்திலி: பூண்டு, எண்ணெய் மட்டும் சேர்ந்தது என்று நம்பும் பாஸ்தாவிலும், சீசர் சாலட்டிலும் அது கரைந்து மறைந்திருக்கக்கூடும். இரண்டாவது பாலாடைக்கட்டி: உண்மையான பார்மிஜானோ ரெஜ்ஜானோ, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால் பாலை உறையவைத்தே செய்யப்படுகிறது, இதைத் தவிர்ப்பவர்கள் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது முட்டை: கடையிலேயே உருட்டும் பாஸ்தாவில் அநேகமாக முட்டை இருக்கும், உலர்ந்த பாஸ்தாவில் பொதுவாக இராது. மரினாரா என்பதற்கு மாலுமிக்குரியது என்று பொருளானாலும், பெயருக்குப் பயப்பட வேண்டியதில்லை. வழக்கமாக அது தக்காளியும் பூண்டும் சேர்ந்த எளிய சாறுதான்.

பில் வரும்போது உணவு விலைக்கு மேல் 7 விழுக்காடு வரி சேர்ந்திருக்கும். அதற்கு மேல் பரிமாறியவருக்கு 18 முதல் 20 விழுக்காடு வரை நீங்கள் சேர்க்க வேண்டும். பட்டியலைப் பார்க்கும்போதே இந்தக் கால்பங்குக் கூடுதலை மனத்தில் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: கன்னோலியும் காபியும்

ஹானோவர் தெருவில் வெள்ளை அட்டைப் பெட்டியைக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு போகிறவர்களைப் பார்ப்பீர்கள். அந்தப் பெட்டி மைக்ஸ் பேஸ்ட்ரியிலிருந்து வருவது. 1946இல் தொடங்கிய கடை. சில கட்டடங்கள் தள்ளி 1930இல் தொடங்கிய மாடர்ன் பேஸ்ட்ரி இருக்கிறது. இரண்டில் எது சிறந்தது என்பது பாஸ்டனில் தீராத வழக்கு. என் தீர்ப்பு மாடர்ன் பக்கம். காரணம் எளிது: கன்னோலி என்பது பொரித்த மாவுக் குழலுக்குள் இனிப்பு ரிக்கோட்டாவை நிரப்பியது, நிரப்பிய கணத்திலிருந்து குழல் ஈரத்தை உறிஞ்சத் தொடங்கிவிடும். மாடர்னில் நீங்கள் கேட்ட பிறகே வெறுங்குழலை எடுத்து, இரு முனைகளிலும் ரிக்கோட்டாவைப் பிழிந்து, சர்க்கரைப் பொடி தூவிக் கொடுக்கிறார்கள். கடித்தால் குழல் நொறுங்கும் சத்தம் காதில் விழும், உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். மைக்ஸில் கிடைக்கும் வகைகள் ஏராளம், அளவும் பெரியது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதுவே பிடிக்கலாம். மரபுமுறையில் குழல் மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு என்பதால், தவிர்ப்பவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். கன்னோலி சலித்தவர்கள் ஸ்ஃபோல்யாத்தெல்லா கேட்கலாம். மெல்லிய மாவு ஏடுகள் சங்குபோல அடுக்கடுக்காகச் சுருண்டிருக்கும் நேப்பிள்ஸ் பலகாரம் அது.

காபிக்கு அதே தெருவில் 1929இல் தொடங்கிய கஃபே விட்டோரியா. சுற்றிலும் பழைய பித்தளை எஸ்பிரெசோ இயந்திரங்கள் நிறுத்திவைக்கப்பட்டிருக்கும். இத்தாலியில் கப்புசீனோ காலைக்குரியது, சாப்பாட்டுக்குப் பின் எஸ்பிரெசோதான் என்பார்கள். இங்கே இரவு பத்து மணிக்குக் கப்புசீனோ கேட்டாலும் யாரும் முகம் சுளிக்கப்போவதில்லை.

ஆகஸ்டில் போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. மீனவர் திருவிழாவும், மாதக் கடைசி வாரத்தில் புனித அந்தோணியார் திருவிழாவும் நடக்கும். சுரூபத்தைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக வருவார்கள். அதன்மேல் பணத்தாள்களைக் குத்திவைப்பார்கள். அந்த நாட்களில் உணவகத்தில் இடம் பிடிக்க முயலாமல், தெருவோரக் கடைகளிலேயே வாங்கி நின்றபடி சாப்பிட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

படி 7: வீட்டுக்கு வாங்கிச் செல்லுதல்

இரவு வெகுநேரம்வரை திறந்திருப்பதற்குப் பெயர்பெற்ற போவாஸ் பேக்கரி, சேலம் தெருவும் பிரின்ஸ் தெருவும் கூடும் மூலையில் இருக்கிறது. மறுநாளைக்கு ஒரு ரொட்டியை அங்கே வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ளவர்களுக்கு இனிப்பு வேண்டுமென்றால், பைன் கொட்டை பதித்த பிஸ்கட்டோ, இருமுறை சுட்ட பிஸ்கோட்டியோ வாங்குங்கள், அவை சில நாட்கள் கெடாமல் இருக்கும். கன்னோலி வாங்கியிருந்தால் பெட்டியை ரயிலில் மடியில் நேராக வைத்துக்கொண்டு போய், அன்றிரவே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். காலையில் திறந்தால் குழல் ஈரத்தில் ஊறித் தோல்போல் இழுபடும்.