காலை 7 மணிக்குத் தாலாட்டு

நண்பர்கள் குழுவுக்குத் தினமும் மனநிலைக்கு ஏற்ற ஒரு பாட்டு அனுப்புவது என் வேலை. மழை என்றால் அமிர்தவர்ஷினி ராகம், மனசு கனத்தால் சிவரஞ்சனி. போன வாரம் பாட்டுச் செயலி நீலாம்பரி ராகத் தாலாட்டுகளாகவே நீட்டியது. பிடிக்கவில்லை என்று 40 பாட்டை ஒதுக்கினேன். செயலியை அழித்து மறுபடி நிறுவினேன். பலனில்லை, பரிந்துரை கணக்கோடுதானே ஒட்டியிருக்கிறது! நாலு நாள் போச்சு.

அப்புறம்தான் கேட்ட பாடல்களின் பட்டியலில் நேரத்தைக் கவனித்தேன்: தாலாட்டு எல்லாமே இரவு 2 மணிக்கு மேல். அக்காவுக்குக் கொடுத்த பழைய டேப்லெட்டில் என் கணக்கு அப்படியே இருந்திருக்கிறது. கைக்குழந்தை அதைக் கேட்டுத்தான் தூங்குகிறதாம்.

எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறி, அந்த இரவுப் பாட்டுகளை மட்டும் பட்டியலிலிருந்து நீக்கினேன். மூன்றாம் நாள் மோகனம் வந்தது. அக்காவுக்குத் தனிக் கணக்கு போட்டுக் கொடுத்தாச்சு.