வெளிநாட்டு மாணவரின் கட்டுரைக்கு உதவுவது எப்படி? புதிய டியூட்டர்களுக்கான படிகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ரைட்டிங் சென்டர் என்று ஒன்று இருக்கும். மாணவர்கள் தங்கள் கட்டுரையின் டிராஃப்டை எடுத்துக்கொண்டு அங்கே வருவார்கள். டியூட்டர் அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ கூடவே உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசுவார். மேற்படிப்புக்குப் போகும் நம் பிள்ளைகளில் பலர் இந்த வேலையில் பகுதிநேரமாகச் சேர்கிறார்கள். சேர்ந்த சில நாளிலேயே சீனா, ஜப்பான், சவூதி, ஜெர்மனி, நம் ஊர் என்று பல இடங்களிலிருந்து வந்தவர்களின் கட்டுரைகள் கைக்கு வந்துவிடும். இலக்கணம் ஓரளவு சரியாகவே இருக்கும். ஆனாலும் புரொபசர் ஓரத்தில் "உன் வாதம் எங்கே?", "இது எதற்கு இங்கே?" என்று எழுதியிருப்பார். மாணவருக்கு எங்கே தவறினோம் என்றே புரிந்திருக்காது.

அந்த மாணவருக்குச் சிந்திக்கத் தெரியாது என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். நல்ல கட்டுரை என்று அவர் ஊரில் சொல்லிக்கொடுத்தது வேறு, இங்கே எதிர்பார்ப்பது வேறு. இங்குள்ள எதிர்பார்ப்புகளை யாரும் வாய்விட்டுச் சொல்வதும் இல்லை. அதைச் சொல்லத்தான் நீங்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

படி 1: முதலில் கேள்வியைப் படியுங்கள்

டிராஃப்டைத் தொடும் முன் அசைன்மென்ட் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் இருக்கும் வினைச்சொற்களை மாணவரையே அடிக்கோடிடச் சொல்லுங்கள். "விவாதிக்க" என்று இருந்தால், தெரிந்ததையெல்லாம் எழுதுவது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். புரொபசர் எதிர்பார்ப்பது ஒரு நிலைப்பாடு, அதற்கான ஆதாரம், எதிர்த்தரப்புக்கான பதில். இந்த ஒரு விஷயம் தெளிவானாலே சில கட்டுரைகளில் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

படி 2: ஊரில் எப்படி எழுதினார் என்று கேளுங்கள்

"உங்கள் பள்ளியில் எந்த மாதிரிக் கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும்?" இந்தக் கேள்விக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். அது வீணாகாது.

நம்மையே எடுத்துக்கொள்வோம். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பிரித்து, உட்தலைப்பு போட்டு, நடுவில் ஒரு குறள், முடிவில் பாரதியின் இரண்டு வரி சேர்த்தால் தமிழாசிரியர் மகிழ்வார். "மனிதன் தோன்றிய காலம் முதல்" என்று தொடங்குவது நமக்கு அழகான முன்னுரை. அமெரிக்கப் புரொபசர் அதையே படித்துவிட்டு, விஷயத்துக்கு வராமல் எங்கோ சுற்றுவதாக நினைப்பார். இரண்டு பேரும் அவரவர் பழக்கப்படிதான் படிக்கிறார்கள்.

படி 3: மையக் கருத்து எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்

அதிகக் கவனம் தேவைப்படும் இடம் இதுதான். ஆங்கிலக் கல்விக் கட்டுரையில் தீசிஸ், அதாவது கட்டுரையின் மைய வாதம், பெரும்பாலும் முதல் பத்தியின் முடிவுக்குள் வந்துவிட வேண்டும். ஒவ்வொரு பத்தியும் எதைப் பற்றியது என்பதை அதன் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். உலகம் முழுக்க இப்படித்தான் எழுதுகிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஜப்பானியப் பள்ளிகளில் கி-ஷோ-டென்-கெட்சு என்ற நான்கு கட்ட அமைப்பு பழக்கத்தில் உண்டு. தொடக்கம், வளர்ச்சி, திருப்பம், முடிவு. மூன்றாவது கட்டத்தில் வரும் திருப்பம், சம்பந்தமில்லாதது போலத் தோன்றும் ஒன்றைக் கொண்டுவந்து வைக்கும். ஜப்பானிய வாசகர் அதை ரசித்து, தானே இணைத்துக்கொள்வார். ஆங்கில வாசகருக்கு அது தடம் மாறியதாகத் தெரியும். ஜான் ஹைண்ட்ஸ் என்ற மொழியியலாளர் 1987இல் இந்த வேறுபாட்டை நன்றாக எடுத்துச் சொன்னார். ஆங்கிலத்தில் புரியவைக்கும் பொறுப்பு எழுதுபவருடையது. ஜப்பானிய மொழியில் புரிந்துகொள்ளும் பொறுப்பில் பெரும்பங்கு வாசகருடையது. ஜெர்மானியக் கல்வி எழுத்தில் கிளைவிஷயங்களுக்குப் போய்த் திரும்புவது இயல்பு என்று அதே ஆண்டில் மைக்கேல் கிளைன் எழுதினார். ஐரோப்பாவுக்குள்ளேயே ஒரே வழக்கம் இல்லை.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். 1966இல் ராபர்ட் கப்லான் என்ற அமெரிக்கப் பேராசிரியர், ஆங்கிலச் சிந்தனை நேர்கோடு, கீழைநாட்டுச் சிந்தனை சுருள் என்று படமே வரைந்து காட்டினார். பல மொழிக்காரர்களின் எழுத்து வழக்கங்களை ஒப்பிடும் துறையையே தொடங்கி வைத்த கட்டுரை அது. ஆனால் மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதியதை வைத்து அவர்கள் தாய்மொழியின் சிந்தனையை அளந்தது, பல மொழிகளை ஒரே பெட்டியில் அடைத்தது என்று பலத்த விமர்சனம் வந்தது. கப்லானே பின்னாளில் தன் கருத்தைத் தளர்த்திக்கொண்டார். அதனால் "நீங்கள் சீனர், அப்படித்தான் சுற்றி எழுதுவீர்கள்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். எதிரில் இருப்பவர் ஷாங்காயில் சர்வதேசப் பள்ளியில் படித்தவராகவும் இருக்கலாம். முன்முடிவோடு போகாமல், இரண்டாம் படியில் கேட்டதை வைத்துப் பேசுங்கள்.

இனி செய்ய வேண்டியது. கட்டுரையை மாணவரிடம் கொடுத்து, ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் "இந்தப் பத்தி என்ன சொல்கிறது" என்று ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள். எல்லாம் எழுதிய பிறகு அந்த வரிகளை மட்டும் வரிசையாகப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே தாவுகிறது, எங்கே ஒன்றையே திரும்பச் சொல்கிறது, மைய வாதம் கடைசிப் பத்தியில் ஒளிந்திருக்கிறதா என்பதெல்லாம் அவருக்கே தெரிந்துவிடும். கடைசியில் இருந்தால் அழிக்க வேண்டியதில்லை, மேலே கொண்டுவந்தால் போதும்.

படி 4: பிறர் சொல்லைக் கையாளும் முறையைக் காட்டுங்கள்

"காப்பியடித்திருக்கிறாய்" என்ற குற்றச்சாட்டோடு வரும் மாணவர்கள் கண்ணீரோடு வருவார்கள். பெரியவர்கள் சொன்னதை அப்படியே மனப்பாடமாக ஒப்பிப்பது பல கல்வி மரபுகளில் மரியாதை. நம் நன்னூலே "முன்னோர் மொழி பொருளே அன்றி அவர் மொழியும் பொன்னே போல் போற்றுவம்" என்கிறது. கருத்தை மட்டுமல்ல, அவர்கள் சொல்லையும் அப்படியே எடுத்தாளலாம் என்பது அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம். இதைச் சொல்லி மாணவரைத் தேற்றுங்கள். அதோடு, இங்கே விதி வேறு என்பதையும், மீறினால் படிப்புக்கே ஆபத்து வரலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பெரும்பாலும் நடப்பது முழுக் காப்பியும் அல்ல. மூல வாக்கியத்தில் சில சொற்களை மட்டும் மாற்றி ஒட்டுவது. ரெபெக்கா மூர் ஹவார்ட் என்ற பேராசிரியர் இதைப் பேட்ச்ரைட்டிங் என்றார். பலருக்கு இது திருட்டு இல்லை, கடினமான விஷயத்தைக் கற்றுக்கொள்ளும் வழியில் ஒரு கட்டம் என்றும் வாதிட்டார். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது.

ஓர் உதாரணம். மூலம் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: "1952 டிசம்பரில் லண்டனை மூடிய புகைப்பனி ஆயிரக்கணக்கானோரின் உயிரைப் பறித்தது, இந்தப் பேரிடரே 1956இல் தூய காற்றுச் சட்டம் பிறக்க வழிவகுத்தது."

மாணவர் எழுதியது: "1952 டிசம்பரில் லண்டனைச் சூழ்ந்த புகைப்பனி ஆயிரக்கணக்கானோரின் உயிரை எடுத்தது, இந்தத் துயரமே 1956இல் தூய காற்றுச் சட்டம் உருவாக வழி செய்தது." வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது.

மூலத்தை மூடி வைக்கச் சொல்லுங்கள். "இதில் என்ன சொல்கிறார்கள்? எனக்குச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். தாய்மொழியில் யோசித்துச் சொன்னாலும் பரவாயில்லை. சொன்னதை உடனே எழுதச் சொல்லுங்கள். அப்புறம் மூலத்தைத் திறந்து, தகவல் சரியா, ஏதாவது சொற்றொடர் அப்படியே வந்துவிட்டதா என்று ஒப்பிடுங்கள். இப்படி வரும்: "பிரிட்டன் 1956இல் காற்றுமாசுக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்ததற்கு, நான்கு ஆண்டு முன்பு லண்டனில் பல ஆயிரம் பேர் இறந்த நிகழ்வே காரணம் என்கிறார் இந்த ஆசிரியர்." இதற்குப் பிறகும் சைட்டேஷன், அதாவது எங்கிருந்து எடுத்தோம் என்ற குறிப்பு, கட்டாயம். சொல் மாறினாலும் கருத்து அவருடையதுதான் என்பதைப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும்.

கட்டுரையை வேறு எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் டர்னிட்டின் என்ற மென்பொருள் காட்டும் சதவீதத்தைப் பார்த்து மாணவர் பயந்தால், அது ஒத்த சொற்களின் அளவு மட்டுமே, திருட்டின் அளவு இல்லை என்று விளக்குங்கள். சரியாக மேற்கோள் குறியிட்ட வரிகளும் அதில் சேரக்கூடும்.

படி 5: இலக்கணத்துக்குக் கடைசி இடம்

எல்லாப் பிழையையும் திருத்தித் தராதீர்கள். திரும்பத் திரும்ப வரும் இரண்டு வகைப் பிழைகளை மட்டும் எடுங்கள். சீனம், ஜப்பானியம், ரஷ்யம் பேசுபவர்களுக்கு ஆங்கிலத்தின் 'எ' (a), 'தி' (the) தொல்லை தரும். அந்த மொழிகளில் அவை இல்லை. ஒரு பத்தியில் காட்டிக்கொடுங்கள், அடுத்த பத்தியில் அவரே கண்டுபிடிக்கட்டும்.

படி 6: மாணவருக்குத் தெரியாததை நேராகச் சொல்லிவிடுங்கள்

டியூட்டர் பயிற்சியில் "விடையைச் சொல்லாதே, கேள்வி கேட்டு வரவழை" என்பார்கள். வெளிநாட்டு மாணவரிடம் இது எப்போதும் பலிக்காது. 1993இலேயே ஜூடித் பவர்ஸ் இதை எழுதியிருக்கிறார். ஆங்கில வாசகர் என்ன எதிர்பார்ப்பார் என்பது அந்த மாணவரின் அனுபவத்திலேயே இல்லாதபோது, எத்தனை கேள்வி கேட்டாலும் உள்ளிருந்து வராது. அங்கே நேராகச் சொல்வதுதான் உதவி. மாணவரின் கருத்து என்ன என்பதற்கு மட்டும் கேள்வியோடு நில்லுங்கள்.

தலையாட்டுவதைப் புரிந்ததாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். உங்களை ஆசிரியராகப் பார்ப்பவர் மரியாதைக்காகவும் "ஆமாம்" சொல்வார்.

படி 7: எதை மாற்றுவது என்பதை மாணவர் முடிவு செய்யட்டும்

யாழ்ப்பாணத்துக்காரரான பேராசிரியர் சுரேஷ் கனகராஜா, கல்வி எழுத்தைப் பற்றி உலக அளவில் மதிக்கப்படும் ஆய்வாளர். பேராசிரியர் கா. சிவத்தம்பி உள்ளூர் வாசகருக்கும் வெளிநாட்டு ஆய்விதழுக்கும் எழுதும்போது தன் எழுத்தை எப்படி மாற்றிக்கொண்டார் என்று 2006இல் கனகராஜா ஒரு கட்டுரையில் காட்டினார். சிவத்தம்பிக்குப் பல வழக்கங்கள் தெரியும். யாருக்கு எழுதுகிறோம் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தார். உங்கள் மாணவருக்கும் அந்த உரிமை உண்டு. "இப்படி எழுதினால் உங்கள் புரொபசர் இப்படிப் படிப்பார், அப்படி எழுதினால் அப்படிப் படிப்பார்" என்று இரண்டையும் முன்னால் வைத்துவிடுங்கள்.

கடைசி ஐந்து நிமிடம் பேனாவை அவரிடம் கொடுங்கள். அடுத்து செய்யப்போகும் மூன்று வேலைகளை அவர் கையாலேயே எழுதி, உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். புரொபசரிடம் கேட்க வேண்டிய சந்தேகம் இருந்தால் ஆபீஸ் ஹவர்ஸ், அதாவது மாணவர்களைச் சந்திக்க அவர் ஒதுக்கியிருக்கும் நேரம், எப்போது என்று அங்கேயே பாருங்கள். அதற்குத் தனி அழைப்பு வேண்டாம், போய்க் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.