கூழைக்கடாவுக்கு நாளை எங்கே இடம்? பரவல் வரைபடம் தயாரிக்கும் முறை

எண்ணூர் கழிமுகத்தில் கூழைக்கடா மிதப்பதைத் திருவொற்றியூரில் வளர்ந்த எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கூழைக்கடா வாழத்தக்க இடங்களைக் காட்ட நான் தயாரித்த முதல் பரவல் வரைபடத்தில் எண்ணூரில் அந்தப் பறவைக்கு இடமே இல்லை. பிழை என் தரவில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. உங்களுக்கு ஒரு மாலைக்குள் முடியவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

தேவையானவை மேக்ஸென்ட் என்ற கணிப்பு மென்பொருள், க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இரண்டும்தான், இரண்டும் இலவசம். பறவை பதிவான இடங்களின் தட்பவெப்பத்தைப் பார்த்து, அதே தன்மை வேறு எங்கெல்லாம் உண்டு என்று மேக்ஸென்ட் கணிக்கிறது. பிலிப்ஸ், ஆண்டர்சன், ஷாப்பயர் ஆகிய மூவரும் 2006இல் வெளியிட்ட முறை இது. வேறு கருவிகளும் உண்டு. தொடங்குபவருக்கு இதையே சொல்வேன்.

முதலில், உயிரினங்கள் பதிவான இடங்களைத் திரட்டித் தரும் ஜிபிஐஎஃப் (GBIF) தளத்தில் 'பெலிகனஸ் பிலிப்பென்சிஸ்' (Pelecanus philippensis) என்ற அறிவியல் பெயரைத் தேடிப் பதிவுகளை இறக்குங்கள். இனம், தீர்க்கரேகை, அட்சரேகை என்ற மூன்று நெடுவரிசைகள் போதும், அவை வரும் ஒழுங்கும் இதேதான். பேச்சில் அட்சரேகையை முதலில் சொல்லிப் பழகியதால் கை தானாக மாற்றிப் போட்டுவிடும். எண்ணூர் 13.23 வடக்கு, 80.33 கிழக்கு. மாற்றினால் அது ஸ்வால்பார்டுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் விழும். எனவே புள்ளிகளை க்யூஜிஐஎஸ்-இல் ஒருமுறை வரைந்து கண்ணால் பாருங்கள்.

அடுத்து வேர்ல்டுக்ளிம் 2.1 என்ற உலகத் தட்பவெப்பத் தரவு. இது 1970 முதல் 2000 வரையிலான சராசரி. 19 தட்பவெப்ப மாறிகள் உள்ளன. எல்லாவற்றையும் கொட்டாதீர்கள், பல ஒன்றையொன்று அப்படியே பின்தொடர்பவை. வெப்பமிகு மாதத்தின் உச்ச வெப்பம், ஆண்டு மழை, மழையின் பருவ ஏற்றத்தாழ்வு என்று நான்கைந்து போதும். பழைய முதல் பதிப்பில் வெப்பநிலை பத்தால் பெருக்கப்பட்டிருக்கும்; 28.5 டிகிரி 285 என்று இருக்கும். இரண்டு பதிப்புகளையும் கலக்கவே கூடாது.

நான் இடறியது அடுத்த படியில்தான். இந்தத் தரவு நிலத்துக்கு மட்டுமே உரியது. நிலம் இதில் சிறு சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும்; 2.5 நிமிடக் கட்டம் (நிமிடம் என்பது இங்கே ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) ஒன்று சுமார் நாலரை கிலோமீட்டர் அகலம். கரையோரத்தில் அந்தக் கட்டம் கடல் என்று கணக்கிடப்பட்டால் அதில் மதிப்பே இருக்காது. அங்குள்ள பதிவை மேக்ஸென்ட் ஓர் எச்சரிக்கை வரியோடு விட்டுவிடும். அந்த வரியை நான் படிக்கவில்லை. முகத்துவாரத்துப் பதிவுகள் அப்படித்தான் காணாமல் போயின. க்யூஜிஐஎஸ்-இல் மதிப்பில்லாத கட்டங்களை நிரப்பும் வசதி இருக்கிறது. ஒன்றிரண்டு கட்டத் தூரம் மட்டும் நிரப்புங்கள். அதற்கு மேல் போனால் கடலுக்கே வெப்பநிலை கற்பித்துவிடும்.

இதைச் சரிசெய்த பிறகும் எண்ணூர் மங்கலாகவே இருந்தது. இரண்டாவது காரணம் பறவையிடம் இல்லை, நம்மிடம் இருக்கிறது. பள்ளிக்கரணைக்குப் பறவை நோக்குநர்கள் வாரந்தோறும் போகிறார்கள், பழவேற்காட்டுக்கும் போகிறார்கள். எண்ணூரின் காட்டுக்குப்பம் கரையில் தொலைநோக்கியோடு நிற்பவர் அரிது. யாரும் நிற்காத இடத்தைப் பறவையே வராத இடம் என்று கணினி எடுத்துக்கொள்கிறது. வடசென்னையில் பறவையே இல்லை என்று ஒதுக்கிவிடுவதற்கு இந்த ஒரு பிழை போதும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு கட்டத்துக்கு ஒரு பதிவு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பதிவுகளோடு ஒப்பிட மேக்ஸென்ட் எடுத்துக்கொள்ளும் பின்புலப் புள்ளிகளைக் கண்மூடித்தனமாகத் தூவாமல், மற்ற நீர்ப்பறவைகள் பதிவான இடங்களிலிருந்தே எடுங்கள். அப்போது ஆள் போன இடத்தோடு ஆள் போன இடம்தான் ஒப்பிடப்படும்.

இனி ஓட்டலாம். பதிவுகளில் கால் பங்கைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். பறவை பதிவான இடங்களைப் பின்புலப் புள்ளிகளிலிருந்து கணிப்பு எவ்வளவு நன்றாகப் பிரித்தறிகிறது என்று காட்டுவது ஏயூசி (AUC) மதிப்பு; அது 0.5 என்றால் குருட்டாம்போக்கு. 1க்கு அருகே வந்தாலும் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். வரைபடத்தில் வேடந்தாங்கல் தெரிகிறதா, நேலபட்டு தெரிகிறதா என்று பாருங்கள். அவை கூழைக்கடா கூடு கட்டும் இடங்கள். அவையே விடுபட்டால் எங்கோ கோளாறு. பிறகு வேர்ல்டுக்ளிம் தரும் 2041–2060க்கான எதிர்காலத் தரவைக் கொடுத்து மறுபடி ஓட்டுங்கள்.

வருவது தட்பவெப்பப் பொருத்தம் மட்டுமே. கொசஸ்தலை ஆற்றில் படியும் அனல்மின் நிலையச் சாம்பலை அந்த வரைபடம் அறியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவி, கூழைக்கடாக்களின் இறகில் கருமையாக அப்பிக்கொண்டதையும் அறியாது. பொருத்தம் அதிகம் என்று வந்தால் 'பறவை பிழைக்கும்' என்று எழுதிவிடாதீர்கள்.

பின்சேர்க்கை: எதிர்காலத் தரவைக் கொடுத்ததும் ஓட்டம் நின்றுவிடுவதாக, இதைப் படித்தவர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். இன்றைய தரவு 19 தனிக் கோப்புகள். எதிர்காலத் தரவு 19 அடுக்குகள் கொண்ட ஒரே கோப்பு. வேண்டிய அடுக்குகளைப் பிரித்து, இன்றைய கோப்புகளுக்கு வைத்த அதே பெயர்களை எழுத்துப் பிசகாமல் வையுங்கள். எல்லைகளும் கட்ட அளவும் ஒன்றாக இருக்கவேண்டும். கரையோரக் கட்டங்களை இன்றைய தரவில் நிரப்பியதுபோல இதிலும் நிரப்புங்கள். இல்லையென்றால் எதிர்கால வரைபடத்தில் எண்ணூர் மறுபடியும் காணாமல் போகும்.