சுடர் வேலாக மாறும்போது நடுவில் என்ன நடக்கிறது?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மாலை வேளைகளில் என்னிடம் மோஷன் கிராஃபிக்ஸ் (வரைந்த வடிவங்களை அசைய வைக்கும் கலை) பழக வரும் பிள்ளைகள், தைப்பூசம் நெருங்கினால் பெரும்பாலும் ஒரே யோசனையோடுதான் வருவார்கள். அகல் விளக்கின் சுடர் மெல்ல எழுந்து வேலாக மாற வேண்டும். நல்ல யோசனை. இரண்டுக்கும் மேலே கூர்மை, நடுவில் அகலம். ஒன்று இன்னொன்றாவதைக் கண் தயங்காமல் ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அசைவு மென்பொருளில் இரண்டு கீஃப்ரேம் (தொடக்க, முடிவு நிலைகளைப் பதியும் குறி) வைத்து ஓட்டிப் பார்த்தால், சுடர் பிழிந்த துணி போல முறுக்கிக்கொள்கிறது. அதன் விளிம்புகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. எல்லாம் குலைந்து, கடைசி பிரேமில், அதாவது அசைவின் கடைசிப் படத்தில்தான் வேல் தெரிகிறது. "அண்ணா, சாஃப்ட்வேர்ல ஏதோ கோளாறு" என்பார்கள்.

கணினிக்குச் சுடரும் தெரியாது, வேலும் தெரியாது. அதன் கையில் இருப்பது வரிசை எண் போட்ட சில புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் நீண்டு வளைவைத் தீர்மானிக்கும் இரண்டு கைப்பிடிகள், அவ்வளவுதான். முதல் கீஃப்ரேமின் 1-ஆம் புள்ளி இரண்டாம் கீஃப்ரேமின் 1-ஆம் புள்ளிக்கு நேர்கோட்டில் போகும். 2-ஆம் புள்ளி 2-ஆம் புள்ளிக்கு. எந்தப் புள்ளி எதுவாக வேண்டும் என்று நாம் முடிவு செய்யாவிட்டால் அது எண்ணை வைத்து முடிவு செய்துவிடும். நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி இதை மறந்ததால் வந்தவைதான்.

ஆகவே முதலில் ஒரு பழக்கத்தை விட வேண்டும்: பிளே பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்ப்பது. ஓடும்போது கண் ஏமாறும். இரண்டு கீஃப்ரேமுக்கும் நட்டநடுவில் நிறுத்தி, அந்த ஒரு பிரேமை மட்டும் பாருங்கள். அது தனியாக நின்றாலும் ஒரு வடிவமாகத் தெரிகிறதா? தெரிந்தால் மீதியைச் சுலபமாகச் சரிசெய்யலாம். கசங்கிய காகிதம் போல இருந்தால், எத்தனை ஈஸிங் (வேகத்தை ஏற்றி இறக்கும் வசதி) போட்டாலும் அந்தக் கசங்கல் போகாது.

இரண்டு வடிவங்களையும் தனித்தனியாக வரைந்து, ஒன்றின் பாத்தை (புள்ளிகளை இணைக்கும் வரியை) எடுத்து இன்னொன்றின் பாத்தில் ஒட்டுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. சுடரை நான்கு புள்ளியில் வரைந்திருப்பார்கள். வேலுக்குப் பதினாறு ஆகியிருக்கும். எண்ணிக்கை பொருந்தாதபோது ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் தானாகப் புள்ளிகளைச் சேர்த்துக்கொள்கிறது. எங்கே சேர்க்கும் என்பது நம் கையில் இல்லை. எண்ணிக்கை பொருந்தினாலும், சுடரின் முதல் புள்ளி உச்சியில், வேலின் முதல் புள்ளி அடியில் என்றிருந்தால் உச்சி அடியை நோக்கி ஓடும். முறுக்கல் அங்கேதான் பிறக்கிறது. இதற்கு மேல், ஒன்றைக் கடிகார முள் போகும் திசையிலும் மற்றொன்றை எதிர்த்திசையிலும் வரைந்திருந்தால் வடிவம் உள்வெளியாகப் புரளும். நடு பிரேமில் ஒரு மெல்லிய கீற்றுதான் மிஞ்சும்.

இந்த மூன்றையும் ஒரே அடியில் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. நான் பல வருடமாக இதைத்தான் செய்கிறேன். சிக்கலான வடிவத்தை முதலில் வரையுங்கள். இங்கே அது வேல். அதன் பாத்துக்குக் கீஃப்ரேம் வையுங்கள். பிறகு நேரக்கோட்டில் தொடக்கத்துக்கு வந்து, அதே பாத்தின் புள்ளிகளைக் கையால் இழுத்து இழுத்துச் சுடராக்குங்கள். வேலின் பதினாறு புள்ளியும் சுடரில் இருக்கும். எண்ணிக்கை, வரிசை, திசை எதுவும் மாறாது, ஏனென்றால் அவை அதே புள்ளிகள். வேலின் தோள்பட்டையில் இருக்கும் புள்ளியைச் சுடரின் எந்த இடத்தில் வைப்பது என்று அப்போது நாமே யோசிக்க வேண்டிவரும். அந்த யோசனைதான் அசைவு நன்றாக வருவதற்கான உண்மையான வேலை. எளிய வடிவத்தில் புள்ளிகள் நெருக்கமாக இருந்தாலும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாலும் பார்ப்பவருக்குத் தெரியப்போவதில்லை.

சில நேரம் அப்படிச் செய்ய முடியாது. வாடிக்கையாளர் லோகோவை இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளின் கோப்பாகத் தந்துவிடுவார், அதை மாற்றி வரைய நமக்கு உரிமை இருக்காது. அப்போது ஒட்டித்தான் ஆக வேண்டும். ஒட்டிய பிறகு ஒவ்வொரு கீஃப்ரேமிலும் முதல் புள்ளி எது என்று பாருங்கள். மற்றவற்றைவிடச் சற்றுப் பெரிதாகத் தெரிவதுதான் அது. இடம் தவறாக இருந்தால், சரியான புள்ளியைத் தேர்ந்தெடுத்து, மாஸ்க் அண்ட் ஷேப் பாத் மெனுவில் செட் ஃபர்ஸ்ட் வெர்டெக்ஸ் கொடுங்கள். திசையை மட்டும் இல்லஸ்ட்ரேட்டரிலேயே சரிசெய்துகொண்டு வருவது நல்லது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் பாத்தின் பக்கத்தில் இருக்கும் திசை மாற்றும் குறி அந்தப் பாத் முழுவதையும் சேர்த்தே திருப்புகிறது; ஒரு கீஃப்ரேமை மட்டும் திருப்ப அது உதவாது.

இன்னொன்று. ரெக்டாங்கிள் (செவ்வகம்), எலிப்ஸ் (நீள்வட்டம்) கருவிகளால் வரைந்தவற்றில் கீஃப்ரேம் வைக்கப் பாத்தே கிடைக்காது. அதன் மேல் வலது சொடுக்கு செய்து கன்வெர்ட் டு பெசியே பாத் கொடுத்தால்தான் கிடைக்கும். இது தெரியாமல் ஒரு மாலை முழுவதையும் இழந்த பிள்ளைகள் உண்டு.

வட்டம் சதுரமாவதும் பார்க்க எளிது, செய்யும்போது சறுக்கும். வட்டத்தின் நான்கு புள்ளிகள் மேல், வலம், கீழ், இடம் என்று இருக்கின்றன. சதுரத்தின் நான்கும் மூலைகளில். இரண்டிலும் எண்ணிக்கை நான்குதான், ஆனாலும் மாறும்போது வடிவம் 45 பாகை சுழல்வது போலத் தெரியும். இரண்டிலும் எட்டுப் புள்ளி வைத்துக்கொண்டால், வட்டத்தின் உச்சிப் புள்ளி சதுரத்தின் மேல்பக்க நடுவுக்குப் போகும், சாய்ந்த புள்ளிகள் மூலைக்குப் போகும். உண்மையில் இங்கே பாத்தைத் தொடவே வேண்டாம். சதுரத்தை ரெக்டாங்கிளாகவே விட்டு, ரவுண்ட்னஸ் (மூலைகளின் வளைவு) மதிப்பைக் கூட்டினால் அதுவே வட்டமாகிவிடும். எண்ணை மாற்றினாலே கிடைக்கும் அசைவுக்குப் புள்ளிகளை இழுப்பது வீண் உழைப்பு.

சுழற்சி விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது, இதில் அனுபவம் உள்ளவர்களும் விழுகிறார்கள். படுத்திருக்கும் வேல் எழுந்து நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். படுத்த நிலைக்கு ஒரு பாத் கீஃப்ரேம், நின்ற நிலைக்கு ஒன்று. புள்ளிகள் வளைந்து போகாது, நேர்கோட்டில்தான் போகும். அதனால் 90 பாகை திரும்பும் வேல் நடுவழியில் தன் நீளத்தில் சுமார் 71 விழுக்காடாகச் சுருங்கி, பிறகு மீண்டும் நீளும். 180 பாகை என்றால் நடு பிரேமில் நீளம் பூச்சியம். வேல் ஒரு புள்ளியாகிக் காணாமல் போய்விடும். திரும்புவதை டிரான்ஸ்ஃபார்மில் இருக்கும் ரொட்டேஷன் என்ற சுழற்சி மதிப்பிடம் விடுங்கள், வடிவம் மாறுவதை மட்டும் பாத்திடம் விடுங்கள். இரண்டு வேலையையும் ஒன்றின் தலையில் கட்டாதீர்கள்.

1971-இல் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் நெஸ்டர் பர்ட்னிக், மார்செலி வைன் என்ற இருவர் கீஃப்ரேம்களுக்கு இடைப்பட்ட ஓவியங்களைக் கணினியே போடும் முறையை வெளியிட்டார்கள். 1976-இல் எலும்புக்கூடு போன்ற ஓர் அமைப்பை வைத்து வடிவத்தை வளைக்கும் முறையையும் அவர்களே கொண்டுவந்தார்கள். வெறும் நேர்கோட்டு மாற்றம் விறைப்பாக இருக்கிறது என்ற குறை அன்றே இருந்திருக்கிறது. நாம் இன்று திரையில் பார்ப்பதும் அந்தப் பழைய விறைப்பைத்தான்.

சரி, கோலாலம்பூருக்கு வருவோம். வேல் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரமாக (ஊர்ப் பேச்சில் கேஎல்சிசி) மாற வேண்டும் என்று கேட்காத தீபாவளி, தைப்பூசக் காலம் இல்லை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். வேலுக்கு ஒரு நுனி, கோபுரத்துக்கு இரண்டு. நடுவில் வான்பாலம் வேறு. பலர் கோபுரங்களைத் தரையோடு சேர்த்து வரைவார்கள். அப்படி வரைந்தவுடன் பாலத்துக்குக் கீழே நான்கு பக்கமும் அடைத்த ஓர் ஓட்டை உருவாகிவிடுகிறது. ஓட்டை என்றால் இரண்டாவது பாத். வேலில் ஓட்டை கிடையாது. இல்லாத ஒன்றிலிருந்து அது எப்படி வரும்? திடீரென்று ஒரு பிரேமில் முளைக்கும். கண் அதை உடனே பிடித்துவிடும்.

தரையை விட்டுவிடுங்கள். இரண்டு கோபுரமும் நடுவே பாலமும் மட்டும் என்றால் ஓட்டையே இல்லாத ஒரே வெளிவரி கிடைக்கும். இனி வேலின் நுனியில் நான்கு புள்ளிகளை ஒன்றாக அடுக்குங்கள். ஓரத்து இரண்டும் இரு கோபுர உச்சிகளாக விரியும். உள் இரண்டும் பாலத்தின் மேல் மூலைகளாகக் கீழே இறங்கும். வேலின் தண்டின் அடியிலும் இதே போல அடுக்குங்கள், ஆனால் ஆறு: ஓரத்துக்கு இரண்டிரண்டாக நான்கு கோபுர அடிகளின் மூலைகளுக்கு, உள் இரண்டு பாலத்தின் கீழ் மூலைகளுக்கு. ஓட்டிப் பாருங்கள், வேல் மேலிருந்து மலர்வது போல இரண்டாகப் பிரியும். முதல்முறை இது சரியாக வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பாலத்தை எங்கே வைப்பது என்பதிலும் தவறு நடக்கிறது. 88 மாடியில் 41, 42-ஆம் மாடிகளை இணைப்பதால் நடுவில் இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். உச்சிக் கம்பத்தோடு சேர்த்துக் கோபுரத்தின் உயரம் 452 மீட்டர். பாலம் தரையிலிருந்து 170 மீட்டர். அதாவது ஐந்தில் இரண்டு பங்குக்கும் சற்றுக் கீழே. அதை நடுவில் வைத்தால், எது தவறு என்று சொல்லத் தெரியாவிட்டாலும் "இது நம்ம கேஎல்சிசி மாதிரி இல்லையே" என்று ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஓட்டை கட்டாயம் வேண்டும் என்றால், இரண்டாவது பாத்தை வடிவத்துக்குள்ளேயே புள்ளியளவாகச் சுருக்கி வைத்துத் தொடங்குங்கள்; வெளிவரி பாதி மாறியதும் அது விரியட்டும். துண்டுகளின் எண்ணிக்கையே வேறாக இருந்தால், உதாரணமாக ஆய்த எழுத்தின் மூன்று வட்டம் ஒரே சுடராக வேண்டுமென்றால், பாத் மாற்றத்தைவிட விளிம்பை மங்கலாக்கும் காசியன் பிளரும் அதை மீண்டும் இறுக்கும் சிம்பிள் சோக்கரும் போட்டு, மூன்றையும் நெருங்க விட்டு, எண்ணெய்த் துளிகள் ஒட்டுவது போல ஒட்டவைப்பது அழகு.

புகைப்படத்திலிருந்து தானாக வரி எடுப்பதும் வேண்டாம். பத்துமலையில் 2006-இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் முருகன் சிலையின் படத்தை இமேஜ் ட்ரேஸில் போட்டு, நூற்றுக்கணக்கான புள்ளிகளோடு ஒரு தம்பி கொண்டுவந்தார். அத்தனை புள்ளிக்கும் ஜோடி தேட யாராலும் முடியாது. சிலையின் மேல் பேனா கருவியால் கையாலேயே வரைந்தோம். முப்பது புள்ளிக்குள் முடிந்தது, அசைவும் குழையவில்லை. இப்படிப்பட்ட சிக்கலைத் தானாகத் தீர்க்க மாஸ்க் இன்டர்போலேஷன் என்ற பேனல் இருக்கிறது. அவசரத்துக்கு உதவும். ஆனால் அது ஏராளமான கீஃப்ரேம்களைக் கொட்டிவிடும். அப்புறம் வாடிக்கையாளர் ஒரு சின்னத் திருத்தம் கேட்டால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும்.

தமிழ் எழுத்துகளைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. பிள்ளையார் சுழி விளக்காக மாறுவது நம் ஊர் வாழ்த்துகளில் அடிக்கடி வருகிறது. இதற்கு 'உ' என்று தட்டச்சு செய்து, எழுத்திலிருந்து ஷேப் உருவாக்கினால் எழுத்தின் தடிமனைச் சுற்றி ஓடும் வெளிவரிதான் கிடைக்கும். நமக்கு வேண்டியது அதுவல்ல. சுழி என்பது கை ஒரே இழுப்பில் போடும் கோடு. அதை ஏழெட்டுப் புள்ளி கொண்ட திறந்த பாத்தாக வரைந்து, தடித்த ஸ்ட்ரோக் கொடுங்கள். கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டும் ட்ரிம் பாத்ஸில் அது எழுதப்படட்டும். பிறகு அதே கோட்டின் புள்ளிகள் விளக்கின் வளைவாகட்டும். கோட்டின் முனை மெலிய வேண்டுமானால், 2020-இல் வந்த டேப்பர் வசதி இருக்கிறது. விளக்கையும் மூடாத கோடாகவே வைத்திருங்கள். திறந்த பாத் மூடிய பாத்தாக மாறும் இடத்தில் ஒரு துள்ளல் தெரியும்.

'கொ' போன்ற எழுத்து நமக்கு ஒன்று. ஷேப்பாக மாற்றியதும் கொம்பு, க, துணைக்கால் என்று மூன்று துண்டாகிவிடும். மூன்றுக்கும் தனித்தனியாகப் போகும் இடம் யோசித்து வையுங்கள். அதற்கு முன்பே கொம்பு இடம் மாறித் தெரிந்தால், பழைய பதிப்புகளில் பிரிஃபரன்சஸ், டைப் பகுதிக்குப் போய் எழுத்து எஞ்சினைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்ற வேண்டும்.

வண்ணத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. மஞ்சளிலிருந்து மயில் நீலத்துக்கு மெதுவாக மாற்றினால் நடுவில் ஒரு மங்கிய சாம்பல் பச்சை வரும். வடிவம் நன்றாக இருந்தும் அந்த இரண்டு மூன்று பிரேம் அழுக்காகத் தெரியும். வண்ணத்தை வேகமாக, வடிவம் அதிகம் அசையும் நேரத்தில் மாற்றிவிடுங்கள்.

கடைசியாக நேரம். மலேசியத் தொலைக்காட்சிக்கு நொடிக்கு 25 பிரேம் கணக்கில் வேலை செய்கிறோம். புதிதாக வருபவர்கள் ஒரு மாற்றத்துக்கு இரண்டு நொடி, அதாவது 50 பிரேம் கொடுத்துவிடுகிறார்கள். அவ்வளவு நேரம் நடு வடிவங்களைக் கண் முன்னால் வைத்திருந்தால் எந்தக் குறையும் மறையாது. 10 முதல் 15 பிரேம் பெரும்பாலும் போதும். எஃப்9 தட்டி ஈஸி ஈஸ் கொடுப்பதோடு நிறுத்திவிடாமல், கிராஃப் எடிட்டரில் வேகத்தை நடுவில் குவியுங்கள். பாத்துக்கு அங்கே வேக வரைபடம் மட்டும்தான் கிடைக்கும், மதிப்பு வரைபடம் கிடையாது, குழம்ப வேண்டாம். வேலின் நுனி முதலில் போய், தண்டு இரண்டு பிரேம் தாமதமாக வர வேண்டுமென்றால், ஒரு பாத்தின் எல்லாப் புள்ளிகளும் ஒரே கீஃப்ரேமில் கட்டுப்பட்டிருப்பதால் நேரடியாகச் செய்ய முடியாது. கிரியேட் நல்ஸ் ஃப்ரம் பாத்ஸ் ஸ்கிரிப்டில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நல் (வெளியீட்டில் தெரியாத கட்டுப்பாட்டுக் குறி) கொடுத்தால் தனித்தனியாக நகர்த்தலாம்.

மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு புடவைக் கடையின் வாசல் திரைக்கு ஒருமுறை சுடர், மாங்காய்க் கரை, மயில் என்று தொடர்ந்து மாறும் அசைவு செய்துகொடுத்தோம். மாற்றங்கள் எல்லாம் சுத்தமாக இருந்தன. ஆனாலும் தெருவில் நின்று பார்த்தபோது, நடந்துபோகும் யாருக்கும் அது மயில் என்று தெரியவில்லை. மயிலாகிய உடனே அடுத்ததாக மாறத் தொடங்கிவிட்டது. திரும்பி வந்து ஒவ்வொரு வடிவத்தையும் 30 பிரேம் அசையாமல் நிற்க வைத்தோம். அடுத்த நாள் மாலை ஒரு சிறுமி அம்மாவின் கையை இழுத்து, திரையைக் காட்டி, "மயிலும்மா" என்றாள்.