சுகர் இறங்கவில்லையா? ஈறையும் பாருங்கள்

மாத்திரை தவறவில்லை, சாப்பாட்டிலும் கட்டுப்பாடு, ஆனாலும் ஹெச்பிஏ1சி (கடந்த 2, 3 மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) இறங்க மாட்டேன் என்கிறதா? நாளைக் காலை பல் துலக்கியதும் துப்புகிற நுரையைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் ஈறில் அழற்சி இருக்கிறது.

சர்க்கரை கூடினால் ஈறு கெடும் என்பது பலருக்கும் தெரியும். எதிர்த்திசையிலும் அது நடக்கிறது. ஈறின் நாள்பட்ட அழற்சியில் சுரக்கும் ரசாயனங்கள் ரத்தத்தில் கலந்து, இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. ஈறுக்கு முறையாகச் சிகிச்சை எடுத்த சர்க்கரை நோயாளிகளுக்கு 3, 4 மாதத்தில் ஹெச்பிஏ1சி சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி குறைவதை ஆய்வுகள் காட்டுகின்றன. மாத்திரைக்கு இது மாற்று இல்லை, ஆனால் அலட்சியப்படுத்தும் அளவும் இல்லை.

ஈறு சிகிச்சையில் பல் கிளீனிங்கும் உண்டு. "கிளீனிங் செய்தால் பல் ஆடும்" என்பார்கள். ஆட்டம் முன்பே இருந்திருக்கும், பல்லில் கெட்டியாகப் படிந்த காரை அதைப் பிடித்து வைத்திருந்தது, அவ்வளவுதான்.

ரத்தம் வரும் இடத்தைத் துலக்காமல் விடாதீர்கள். மென்மையான பிரஷ்ஷை ஈறு விளிம்பில் சற்றுச் சாய்த்துத் துலக்குங்கள். புகைப்பவர்கள் நுரையை நம்ப வேண்டாம். ஈறு கெட்டிருந்தாலும் அவர்களுக்கு ரத்தம் அதிகம் வராது. பல் டாக்டரிடம் போகும்போது கடைசி சுகர் ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும்.