வளைகோட்டு நோட்களைப் பிசிறில்லாமல் இணைப்பது: இங்க்ஸ்கேப்பில் ஒரு நீர்த்துளி

இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் இரண்டு வளைகோடுகளின் நுனிகளை நகர்த்தி ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துவிட்டீர்கள். திரையில் ஒரே கோடாகத் தெரிகிறது, உள்ளே நிறமும் நிரம்பியிருக்கிறது. ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால், நுனிகள் சந்திக்கும் இடத்தில் வெளிக்கோட்டில் ஒரு சின்ன வெட்டு. அந்த இரண்டு நோட்களும் (கோட்டின் வடிவைத் தாங்கும் புள்ளிகள்) ஒரே இடத்தில் இருக்கின்றனவே தவிர, இன்னும் இணையவில்லை. திறந்த பாதைக்குள்ளும் (நுனிகள் இணையாத கோட்டுக்குள்ளும்) இங்க்ஸ்கேப் நிறத்தை நிரப்பிவிடும். அதனால் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், வெளிக்கோட்டைப் பாருங்கள்.

நோட் இணைப்பில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. இரண்டு நோட்களை ஒன்றாக்குவது முதல் வேலை. அந்த நோட்டைத் தாண்டும்போது வளைவு திசை மாறாமல் ஓடும்படி செய்வது இரண்டாவது. முதல் வேலையோடு நிறுத்திவிட்டால் படம் மூடியிருக்கும், ஆனால் இணைந்த இடத்தில் ஒரு முடிச்சு கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும்.

பழகுவதற்கு ஒரு நீர்த்துளியை வரையலாம். அதன் மேல்நுனி கூராக நிற்க வேண்டும், அடிப்பகுதி வழவழவென்று திரும்ப வேண்டும். இரண்டு வகை இணைப்பும் ஒரே படத்தில் வந்துவிடும்.

பாதித் துளி

இடப்பக்க அளவுகோலிலிருந்து மவுஸால் இழுத்து, பக்கத்தின் நடுவில் ஒரு செங்குத்தான வழிகாட்டிக் கோட்டை விடுங்கள். ஸ்னாப் (அருகே வந்ததும் தானாக ஒட்டிக்கொள்ளும் வசதி) இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள் (% விசையை அழுத்தினால் அது இயங்கும், மறுபடி அழுத்தினால் நிற்கும்). நோட்களோடும் வழிகாட்டிக் கோட்டோடும் ஒட்டும்படி அமைத்திருக்க வேண்டும். இந்தக் கோட்டைத் தவிர்த்துவிட்டு வரைந்தால் மேல்நுனியும் அடிநுனியும் ஒரே நேர்கோட்டில் அமையாது. அப்புறம் மறுபாதியைக் கொண்டுவந்து வைக்கும்போது மேலே பொருந்தும், கீழே பொருந்தாது.

இப்போது பென் கருவி, அதாவது பி (B) விசை. வழிகாட்டிக் கோட்டின் மேல் ஒரு கிளிக்: அதுதான் நுனி. அங்கே இழுக்க வேண்டாம், கிளிக் மட்டும் போதும். வலப்பக்கமாகக் கீழே வந்து, துளியின் வயிறு மிக அகலமாக இருக்க வேண்டிய இடத்தில் அழுத்தி, கன்ட்ரோலைப் பிடித்தபடி நேர் கீழாக இழுத்து விடுங்கள். மூன்றாவதாக, வழிகாட்டிக் கோட்டின் அடியில் அழுத்தி, மறுபடி கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கமாகக் கிடைமட்டமாக இழுங்கள். என்டர் தட்டினால் பாதை முடிந்துவிடும்.

கன்ட்ரோலை விட்டுவிடாதீர்கள். அடியில் இருக்கும் கைப்பிடி (இழுக்கும்போது நோட்டிலிருந்து நீளும் திசைக்கோடு) சரியாகக் கிடைமட்டமாக இருந்தால்தான், கண்ணாடிப் பிம்பம்போல் மறுபாதி வந்து சேரும்போது இரண்டு கைப்பிடிகளும் ஒரே நேர்கோட்டில் அமையும். நல்ல இணைப்பில் பாதி வேலை, இணைப்பதற்கு முன்பே இங்கு முடிந்துவிடுகிறது.

மறுபாதி

எஃப்1 அழுத்தித் தேர்வுக் கருவிக்கு வாருங்கள். கன்ட்ரோல் + டி (D) ஒரு நகல் எடுக்கும், எச் விசை அதை இடவலமாகத் திருப்பும். திரும்பிய பாதி பழைய இடத்திலேயே முதல் பாதியின் மேல் கிடக்கும். அதன் நுனிக்கு அருகில் பிடித்து இடப்பக்கமாக இழுத்தால், முதல் பாதியின் நுனியில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

பார்வைக்குத் துளி முழுமையாகிவிட்டது. உண்மையில் இவை இன்னும் தனித்தனியான இரண்டு பொருட்கள். தனிப் பொருட்களின் நோட்களை இணைக்க முடியாது. இரண்டையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + கே அழுத்துங்கள். இப்போது இரண்டும் ஒரே பாதையின் இரண்டு துண்டுகளாகிவிட்டன. உங்கள் சொந்தப் படத்தில் இது வேலை செய்யவில்லை என்றால், குழுவாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஜி கொடுத்துப் பிரியுங்கள். வட்டம், செவ்வகம் போன்ற வடிவங்களை முதலில் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + சி மூலம் பாதையாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

இணைப்பு

'என்' (N) விசையால் நோட் கருவியை எடுங்கள். ஒரு பாதிக்கு 3 நோட்கள், ஆக மொத்தம் 6. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடிப்பகுதியில் இருக்கும் நோட்டை வெறுமனே கிளிக் செய்தால், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரண்டில் மேலே இருக்கும் ஒன்று மட்டும்தான் தேர்வாகும். ஆரம்பத்தில் எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். அதனால் வெற்றிடத்திலிருந்து தொடங்கி, அந்த இடத்தைச் சுற்றி ஒரு கட்டம் இழுங்கள். கோட்டின் மேலிருந்து இழுக்கத் தொடங்கினால் வளைவே வளைந்து போகும். அப்படி ஆனால் கன்ட்ரோல் + இசட். கீழே உள்ள நிலைப்பட்டையில் 6 நோட்களில் 2 தேர்வாகியிருப்பதாகக் காட்ட வேண்டும். சரி, இப்போது ஷிஃப்ட் + ஜே. மொத்தம் 5 ஆகிவிடும். மேல்நுனியிலும் இதையே செய்தால் 4. நுனி, வலது வயிறு, அடி, இடது வயிறு: அவ்வளவுதான் இருக்க வேண்டும். எண் குறையாவிட்டால் இணையவில்லை என்று பொருள். 4-க்கு மேல் நின்றால் எங்கோ ஒரு தேவையில்லாத நோட் ஒளிந்திருக்கிறது.

இங்கே நுனிகள் துல்லியமாக ஒட்டியிருந்தன, ஆகவே சிக்கல் வரவில்லை. கையால் வரைந்த கோடுகளில் நடுவே ஒரு இடைவெளி இருக்கும். ஷிஃப்ட் + ஜே அப்போது இரண்டு நோட்களையும் இழுத்து நடுப்புள்ளியில் சேர்க்கும், இரு பக்க வளைவும் கொஞ்சம் கொஞ்சம் கெடும். ஒரு பக்கம் அசையக்கூடாது என்றால், அந்த நோட்டின் மேல் மவுஸை வெறுமனே நிறுத்திவைத்துக்கொண்டு ஷிஃப்ட் + ஜே அழுத்துங்கள். அது நின்ற இடத்திலேயே நிற்கும், மற்றது அதைத் தேடி வரும். மெனுவில் தேடினால் கிடைக்காத வசதி இது, பழகிக்கொள்ள ரொம்பவும் தகுதியானது. இடைவெளி பெரிதாக இருந்தால் நோட்களை இழுக்கவே வேண்டாம். மேலே கருவிப்பட்டையில், இணைக்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே, இரு நுனிகளுக்கும் நடுவே புதிய கோடு போடும் பொத்தான் இருக்கிறது.

அடிப்பகுதி வழவழப்பாக

பென் கருவி வரையும் பெசியர் வளைவின் ஒவ்வொரு துண்டையும் நான்கு புள்ளிகள் தீர்மானிக்கின்றன: இரு முனைகளில் இரண்டு நோட்கள், அவற்றின் இரண்டு கைப்பிடிகள். நோட்டை விட்டுக் கிளம்பும்போது வளைவு கைப்பிடி காட்டும் திசையில்தான் கிளம்பும். எனவே இணைந்த நோட்டின் இரு கைப்பிடிகளும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் கண்ணுக்கு இணைப்பே தெரியாது. ஒரு பாகை விலகினாலும் பெரிய அளவில் அச்சிடும்போது அது முடிச்சாகத் தெரியத் தொடங்கும்.

அடியில் உள்ள நோட்டைத் தேர்ந்தெடுத்து அதன் உருவத்தைப் பாருங்கள். வைரம்போல் சாய்ந்த சதுரமாக இருந்தால் அது கூர்முனை நோட். கைப்பிடிகள் இப்போதைக்கு நேராக இருந்தாலும், பிறகு ஒன்றைத் தொட்டால் மற்றது கூட வராது. ஷிஃப்ட் + எஸ் அழுத்தினால் அது வழவழப்பான நோட்டாகி, நேரான சதுரமாக மாறும். அதன்பின் ஒரு கைப்பிடியைத் திருப்பினால் மற்றதும் சேர்ந்து திரும்பும். இதிலும் மவுஸ் வசதி உண்டு: எந்தக் கைப்பிடி மாறக்கூடாதோ அதன் மேல் மவுஸை வைத்துக்கொண்டு ஷிஃப்ட் + எஸ் அழுத்துங்கள்.

ஷிஃப்ட் + ஒய் கைப்பிடிகளின் நீளத்தையும் சமமாக்கும். நம் துளியில் இரு பக்கமும் ஏற்கெனவே சமம், எனவே வேறுபாடு தெரியாது. இரு பக்கமும் வேறுவேறு அளவில் வளையும் படங்களில் நான் அதைத் தொடுவதில்லை, நன்றாக இருக்கும் பக்கத்தை அது கெடுத்துவிடுகிறது. ஷிஃப்ட் + ஏ தரும் தானியங்கி நோட் கைப்பிடிகளைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். அவசரத்துக்கு உதவும், ஆனால் கவனமாக வரைந்த வளைவில் அதைப் போடாதீர்கள்.

மேல்நுனி

இதைக் கூர்முனையாகவே விட வேண்டும். வைர உருவம் இல்லையென்றால் ஷிஃப்ட் + சி.

எல்லாம் சரியாக இருந்தும் நுனியின் வெளிக்கோடு மட்டும் கத்தரித்ததுபோல் மழுங்கியிருக்கலாம். நோட்டில் குறை எதுவும் இல்லை. இங்க்ஸ்கேப் படங்களைச் சேமிக்கும் எஸ்விஜி கோப்பு வடிவத்தில் கூர்மூலை எவ்வளவு தூரம் நீளலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு, அதன் இயல்பான மதிப்பு 4. கோணம் சுமார் 29 பாகைக்குக் கீழே போனால் அந்த வரம்பு தாண்டப்பட்டு நுனி வெட்டப்படும். கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஃப் பலகத்தில் ஸ்ட்ரோக் (வெளிக்கோடு) பாணிக்குப் போய் அந்த எண்ணை 10 ஆக்கிப் பாருங்கள், நுனி திரும்ப வந்துவிடும். கோடு தடிமனாக இருந்தால் ஊசிபோல் அளவுக்கு மீறி நீளும். அப்போது அதே இடத்தில் உருண்டை மூலையைத் தேர்ந்தெடுங்கள். துளிக்கு எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.